நடுவில் ஆங்கிலம் இல்லாமல்

ஆங்கிலச் செய்தியில் ‘அங்கிள்’ என்ற ஒரு சொல் வந்துவிட்டால் போதும், தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை நின்றுவிடும். அமைச்சரின் ‘அங்கிள்’ கைது என்கிறது செய்தி. கைதானவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமாவா, அத்தையின் கணவரா? நிருபருக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டார். எடுத்தாலும், “அதெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்பார். கடைசியில் ‘நெருங்கிய உறவினர்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவோம். ‘பிரதர்’ என்று வந்தாலும் இதே கதைதான். அண்ணனா தம்பியா என்பதைப் பற்றி ஆங்கிலத்துக்கு அக்கறை கிடையாது. தமிழனுக்கோ அது தெரியாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.

இருபது வருடங்களாக நான் செய்துவரும் வேலை இது. எம்.ஏ. தமிழில் நன்னூலும் தொல்காப்பியமும் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் மணிக்கணக்குப் பார்த்துத் தமிழாக்கும் மேஜையில் வந்து உட்கார்ந்தேன். ஜப்பானிய நாவலாசிரியரும் போலந்துக் கவிஞரும் பெய்ரூட் குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அந்தத் தாய் தன் மொழியில் என்ன சொல்லி அழுதாள் என்பது எனக்குத் தெரியாது. ஆங்கில நிருபருக்குக் கேட்டதுதான் எனக்குக் கேட்டது. உலகத்துக்கும் தமிழுக்கும் நடுவே எப்போதும் ஒரு தரகர். அவர் நல்லவர்தான், ஆனால் கமிஷன் எடுக்காமல் எதையும் கைமாற்றுவதில்லை.

2023-இல் என் கணவருக்கு ஹாங்காங்கில் வேலை மாற்றம் வந்தது. அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன், கொடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவள் ஒரு வருடம் என்ன செய்வது? ஊர் மொழியைப் படிப்பது என்று தீர்மானித்தேன். “படிக்கிறதுன்னா மாண்டரின் படி. நாளைக்கு வேலைக்கு ஆகும்” என்றார் உடன் வேலை செய்யும் நண்பர். ஹாங்காங்கில் இறங்கிய பிறகு, அந்த ஊர்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். “கான்டனீஸா? எதற்கு? அது ரொம்பக் கஷ்டம். பிரயோஜனமும் கிடையாது.” தங்கள் தாய்மொழியைப் பற்றி இவ்வளவு சாதாரணமாக இப்படிச் சொல்கிறவர்களை நான் அதற்கு முன் தமிழ்நாட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

கான்டனீஸ் ஒன்றும் சின்ன மொழி இல்லை. பேசுகிறவர்கள் சுமார் 8 கோடி பேர், ஏறக்குறைய தமிழ் பேசுகிறவர்கள் அளவு. தென்சீனாவின் குவாங்டோங் மாகாணம், ஹாங்காங், மக்காவ் மட்டுமல்ல, கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் டொரன்டோவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அது புழங்குகிறது. 75 லட்சம் பேர் வாழும் ஹாங்காங்கில் பத்தில் ஒன்பது பேருக்கு அன்றாட மொழி அதுதான். ஆனாலும் அதைச் சீனத்தின் ‘வட்டார வழக்கு’ என்றே சொல்வது வழக்கம். மாண்டரின் மட்டும் தெரிந்த ஒரு பீஜிங்காரரைக் கொண்டுபோய் ஹாங்காங் மீன் கடையில் நிறுத்தினால் அவர் ஊமையாகத்தான் நிற்பார். இதை எப்படி வெறும் வழக்கு என்கிறார்கள் என்பது மொழியியலைவிட அரசியலைச் சேர்ந்த கேள்வி.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டவருக்கு மொழி கற்றுத்தரும் நிலையம் ஒன்று 1963 முதல் இருக்கிறது. நான் ஒரு பருவம் அங்கே படித்தேன். எல்லைக்குப் போகும் ரயிலில் ஏறி ‘யூனிவர்சிட்டி’ ஸ்டேஷனில் இறங்கினால், கடலைப் பார்த்த மலைச்சரிவில் கட்டடங்கள். வகுப்பில் ஆறு பேர். கனடாவில் பிறந்து வளர்ந்த ஒரு பையன். அவன் பாட்டிக்குக் கான்டனீஸ் தவிர வேறு எதுவும் தெரியாது, அவனுக்கோ ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘அடி வாங்குவே’ என்ற மூன்றைத் தவிர எதுவும் தெரியாது. ஹாங்காங்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜப்பானியப் பெண். ஒரு கிறிஸ்தவ ஊழியர். உத்தியோகத்துக்காக வந்தவர்கள் யாருமில்லை. யாரோ ஒருவரோடு பேசவேண்டும் என்பதற்காக வந்தவர்கள்தான் எல்லோரும்.

முதல் வாரம் முழுக்க ‘ஸி’ என்ற ஒரே அசை. குரலை மேலேயே நிறுத்திச் சொன்னால் கவிதை. கீழிருந்து மேலே ஏற்றினால் வரலாறு. நடுவில் நிறுத்தினால் பரீட்சை. தாழ்த்தி இறக்கினால் காலம். தாழ்விலிருந்து கொஞ்சம் ஏற்றினால் சந்தை. தாழ்வாகவே நிறுத்தினால் விஷயம். ஆறு தொனிகள், ஆறு சொற்கள். எங்கள் ஆசிரியை பியானோ வாசிப்பவரைப் போலக் காற்றில் கையை வைத்து ஆறையும் காட்டுவார். சினிமாப் பாட்டில் மெட்டுக்கு வார்த்தை எழுதுகிற நம் கவிஞர்கள் ஹாங்காங் கவிஞர்களை நினைத்து ஆறுதல் அடையலாம். அங்கே ஸ்வரம் ஏறுகிற இடத்தில் தொனி ஏறாத சொல்லை வைத்தால் ‘காலம்’ போய் ‘வரலாறு’ வந்து நிற்கும்.

தொனிகள் என்னை மிரட்டின. ஆனால் எழுத்தொலிகள் என்னைப் பழைய வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போயின. கான்டனீஸில் ‘நான்’ என்பதற்குச் சொல் ‘ஙோ’. தமிழில் ‘ங’ வரிசையை மனப்பாடம் செய்யாத குழந்தை கிடையாது, ஆனால் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைக் கேட்டால் ‘ஙனம்’ என்று நன்னூலைத்தான் தேடவேண்டும். அதுவும் ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று ஒட்டிக்கொண்டுதான் வரும். அந்த ‘ங’ இங்கே ஒவ்வொரு மனிதனும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் எழுத்து. ஐந்து என்ற எண்ணோ வெறும் ‘ங்’. ஒற்றெழுத்து தனித்து நின்று சொல்லாகாது என்று படித்தவளுக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி. வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ம்’ போட்டால் எதிர்மறை. ‘சிக்’ என்றால் சாப்பிடு, ‘ம் சிக்’ என்றால் சாப்பிடுவதில்லை. நம் ஊரில் ‘ம்’ என்பது சம்மதம்.

இந்த ‘ங’ தேய்ந்துகொண்டு வருகிறது என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டேன். இளைஞர்கள் ‘ஙோ’ என்பதை ‘ஓ’ என்கிறார்கள். ‘நேய் ஹோ’ என்ற வணக்கம் ‘லேய் ஹோ’ ஆகிவிட்டது. ‘ந’ போய் ‘ல’. இதற்கு ‘சோம்பேறி ஒலி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் கண்டிக்கிறார்கள், பேராசிரியர்கள் திருத்துகிறார்கள், பையன்கள் தங்கள் பாட்டுக்குப் பேசுகிறார்கள். ‘வாளப்பளம்’ என்று சொன்னதற்காகத் தமிழாசிரியரிடம் குட்டு வாங்கியவர்கள் நிறைந்த ஊரிலிருந்து போனவளுக்கு இது சொந்த வீட்டுச் சண்டை மாதிரியே இருந்தது.

அதைவிட நெருக்கமான ஒற்றுமை ஒன்று இருக்கிறது. பேசுகிறபடி எழுதுவதில்லை. ஹாங்காங் செய்தித்தாளில் இருப்பது மாண்டரினை ஒட்டிய பொது எழுத்துச் சீனம். அதைக் கான்டனீஸ் உச்சரிப்பில் வாசிப்பார்கள். ‘அவன்’ என்பதற்குப் பேச்சில் ‘கொய்’, எழுத்தில் ‘தா’. ‘பார்’ என்பதற்குப் பேச்சில் ‘தாய்’, எழுத்தில் ‘ஹோன்’. ‘இல்லை’ என்பதற்குப் பேச்சில் ‘ம்’, எழுத்தில் ‘பட்’. பள்ளிக்கூடக் கட்டுரையில் ‘கொய்’ என்று எழுதினால் மார்க் போய்விடும். காதல் பாட்டுகூடப் பெரும்பாலும் எழுத்துமொழியில்தான். நாம் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று பேசி ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுகிறவர்கள். வகுப்பில் மற்ற ஐந்து பேரும் இந்த இரட்டை வாழ்க்கையைப் புரிந்துகொள்ளத் தவித்தார்கள். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு இப்படி என்றால், தெரு வேறு மாதிரி. வெளிநாட்டுக்குப் போய் அந்த மக்களோடு வாழ்ந்தால் மொழி தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்பது போல. ஹாங்காங்கில் ஆறு இருக்கிறது, ஆனால் இறங்கவிடமாட்டார்கள். கடையில் நான் கான்டனீஸில் ஆரம்பித்தால், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் வரும். மரியாதைக்காகத்தான். நூற்றைம்பது ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியில் பழகிய மரியாதை. வெளிநாட்டுக்காரியைச் சிரமப்படுத்தக்கூடாது என்கிற உபசாரமே என்னைக் கரையிலேயே நிறுத்தி வைத்தது. நான் யாரிடமிருந்து தப்பித்து வந்தேனோ அந்தத் தரகர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆகவே ஆங்கிலம் தெரியாதவர்களைத் தேடிப் போனேன். நாங்கள் குடியிருந்த சாம் சுய் போ பகுதி ஹாங்காங்கின் ஏழைப் பேட்டைகளில் ஒன்று. காய்கறிச் சந்தையில் இருக்கும் அறுபது வயதுப் பெண்களுக்கு ஆங்கிலத்தில் ‘பைவ் டாலர்’ தாண்டி எதுவும் தெரியாது. அவர்கள்தான் என் உண்மையான ஆசிரியைகள். எந்தப் பெண் வாடிக்கையாளர் வந்தாலும் ‘லெங் நொய்’ என்று கூப்பிடுவார்கள். அழகி என்று அர்த்தம். நான் அவர்களை ‘ஆ ஜே’ என்பேன், அக்கா. எடை இன்னும் ‘கான்’, ‘லேங்’ கணக்கில். ஒரு கான் சுமார் 605 கிராம், 16 லேங். வீசையும் பலமும் போட்டு வாங்கிய நம் பாட்டிகள் அங்கே சிரமப்படமாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ரகம் என்பதற்கு ‘அரைக் கான், எட்டு லேங்’ என்று பழமொழி. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

நன்றி சொல்வதற்கு இரண்டு சொற்கள் உண்டு. பரிசு கொடுத்தால் ‘தோ ஜே’. வழிவிட்டால், கதவைத் திறந்து பிடித்தால், சில்லறை கொடுத்தால் ‘ம் கோய்’. இதன் நேர்ப்பொருள் ‘செய்திருக்க வேண்டாம்’. ‘நன்றி’ என்ற சொல்லைத் தமிழர்கள் வீட்டில் பேசுவதில்லை என்று வெளிநாட்டார் குறை சொல்வார்கள். பலகாரத் தட்டை நீட்டினால் நாம் சொல்வது, “எதுக்கு இதெல்லாம்?” அதுதான் ‘ம் கோய்’.

கடைசித் தேர்வு மினி பஸ். 2017 வரை 16 பேர், இப்போது 19 பேர் உட்காரும் சின்ன வண்டி. சிவப்புக் கூரை போட்டவற்றுக்கு நிலையான நிறுத்தங்கள் கிடையாது. இறங்குகிறவர் டிரைவரைப் பார்த்துக் கத்த வேண்டும். “காய் ஹௌ யௌ லோக், ம் கோய்!” தெருமுனையில் ஆள் இறங்கணும். பஸ்ஸில் சத்தம் போட்டுப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பெண் நான். எனக்கு இலக்கணம் தெரியும், தொனி தெரியும், வாய்தான் திறக்கவில்லை. மூன்று வாரம், என் நிறுத்தத்தில் வேறு யாராவது கத்துவார்களா என்று காத்திருந்தேன். ஒருநாள் இரவு பத்து மணிக்கு வண்டியில் நானும் டிரைவரும் மட்டும். வேறு வழியில்லை, கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, தெருமுனையில் நிறுத்தினார். அவர் திரும்பிப் பார்க்காததுதான் எனக்குக் கிடைத்த பட்டம். என் முகம் தெரியாத ஒருவருக்கு என் பேச்சு போதுமானதாக இருந்தது.

சிம் ஷா சுய் பகுதியில் காயல்பட்டினத்துக்காரர்கள் ரத்தினக் கல் வியாபாரம் செய்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவரை எல்லோரும் ‘காக்கா’ என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. 1980-களில் வந்தவர். கான்டனீஸில் பேரம் பேசுவார், சண்டை போடுவார், துக்கம் விசாரிப்பார். ஒரு சீன எழுத்தைக்கூடப் படிக்கத் தெரியாது. என் தொனி அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இதெல்லாம் எனக்குத் தெரியாது தங்கச்சி. அவன் எப்படிச் சொல்றானோ அப்படியே சொல்றது. துட்டு வரணும்ல?” என்றார். ஆனால் அவர் பேரனைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு நின்றது. அங்கேயே பிறந்தவன், தெருப் பையன்களைப் போலவே பேசுகிறான். பள்ளியில் சீன எழுத்துப் பரீட்சையில் மட்டும் திணறுகிறான். வீட்டில் எழுதிப் படிக்கச் சொல்லித்தர யாருமில்லை. ஹாங்காங்கில் வளரும் தெற்காசியக் குழந்தைகள் பலரின் நிலை இதுதான். பேச்சில் ஊர்க்காரர்கள், எழுத்தில் அந்நியர்கள். நல்ல கல்லூரியும் நல்ல வேலையும் எழுத்துப் பக்கம்தான் இருக்கின்றன.

நான்கைந்து மாதம் கழித்து, காது திறந்தபோதுதான் எதற்காக வந்தேனோ அது கிடைக்க ஆரம்பித்தது. ஹாங்காங் படம் ஒன்றை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் ‘அங்கிள்’ என்று வந்தது. காதில் விழுந்தது ‘கௌ ஃபூ’. அது தாய்மாமா! அப்பாவின் அண்ணன் ‘பாக் ஃபூ’, அப்பாவின் தம்பி ‘சுக்’, அப்பாவின் அக்கா ‘கூ மா’, அம்மாவின் அக்கா ‘யி மா’. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பெரியம்மா. அண்ணனும் தம்பியும் அக்காவும் தங்கையும் தனித்தனிச் சொற்கள். இரண்டு மொழிகளிலும் வீடு ஒரே மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் ஆங்கிலம் வந்து சுவர்களை எல்லாம் இடித்துவிட்டு ஹால் ஆக்கிவிடுகிறது. பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளர் தன் கற்பனையில் சுவர்களைத் திரும்ப எழுப்ப வேண்டும்.

வினைச்சொல்லும் அப்படித்தான். கான்டனீஸில் நம்மைப் போலக் காலம் காட்டும் இடைநிலைகள் கிடையாது. ஆனால் ‘சிக் ஜோ’ என்றால் சாப்பிட்டாச்சு. ‘சிக் கான்’ என்றால் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். ‘சிக் குவோ’ என்றால், அந்தப் பதார்த்தத்தை வாழ்க்கையில் ஒரு தடவையாவது சாப்பிட்டிருக்கேன். தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் கேட்பது, “சிக் ஜோ ஃபான் மெய் ஆ?” சோறு சாப்பிட்டாச்சா? இதற்கு ஆங்கிலத்தில் ‘ஹௌ ஆர் யூ’ என்று போடுவார்கள். அதைத் தமிழாக்கினால் ‘எப்படி இருக்கிறீர்கள்’ ஆகும். இரண்டு ஊரிலும் யாரும் கேட்காத கேள்வி.

எல்லாமே இப்படிச் சுலபமாகப் பொருந்திவிடும் என்று சொல்லமாட்டேன். ‘கொய்’ என்ற ஒரே சொல்தான் அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும். ‘நேய்’ என்ற ஒரே சொல் நீ, நீங்கள் இரண்டுக்கும். மரியாதையைப் பட்டத்தாலும் உறவுப் பெயராலும் காட்டுவார்கள். தமிழிலோ வினைமுற்று முடிவதற்குள் ஆணா பெண்ணா, மரியாதை உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் ஆங்கிலம்தான் ‘ஹி’, ‘ஷி’ என்று பாதி வேலையைச் செய்து தருகிறது. தரகரைத் திட்டினாலும், அவர் செய்த உபகாரத்தையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மொழி புரிவதில் சங்கடமும் உண்டு. ஒருநாள் லிப்ட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். ஒருவர் மற்றவரிடம், “மேலே குடிவந்திருக்கிற ஆ சா வீட்டிலிருந்துதான் அந்தச் சமையல் நெடி” என்றார். ‘ஆ சா’ என்பது நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர். காலனி ஆட்சியில் பஞ்சாபிலிருந்து போன சீக்கியப் போலீஸ்காரர்கள் ‘அச்சா, அச்சா’ என்று சொன்னதிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். கேட்க இனிமையான சொல் அல்ல. ஆறு மாதம் முன்பு அது எனக்கு வெறும் சத்தம். நான் எதுவும் சொல்லவில்லை. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டவரிடம் “ம் கோய், ஆ ஜே” என்றேன். இருவர் முகமும் மாறியது. ஒருவர் அதன்பிறகு என்னோடு லிப்ட்டில் ஏறுவதைத் தவிர்த்தார். மற்றவர் சாப்பிட்டாச்சா என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு மொழிக்குள் போவது என்றால் இந்த இரண்டு பேரும் இருக்கும் வீட்டுக்குள் போவதுதான்.

அந்நியர் இந்த மொழியைப் படிப்பது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் பிளின்ட் 1759-இல் சீனப் பேரரசருக்கு விண்ணப்பம் கொண்டுபோனார். அவர் சிறையில் அடைக்கப்பட்டார், எழுத உதவிய சீனரின் தலை போனது. அந்நியருக்குச் சீனம் கற்றுத்தரக் கூடாது என்று தடை இருந்த காலத்தில்தான் ராபர்ட் மாரிசன் ரகசியமாகப் படித்து, 1828-இல் கான்டன் பேச்சுமொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார்.

பிறகு சொந்த ஊரிலேயே இந்த மொழி தன் இடத்துக்காகப் போராட வேண்டி வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் கான்டனீஸ் சினிமா ஏறக்குறைய நின்றே போயிருந்தது. நம் ஊர் டூரிங் டாக்கீஸ் வரை வந்த புரூஸ் லீ கான்டனீஸ் பேசி வளர்ந்தவர். அவர் ஹாங்காங்கில் நடித்து 1971-இல் வந்த ‘தி பிக் பாஸ்’ வெளியானது மாண்டரினில். 1974-இல்தான் சீனம் அங்கே சட்டப்படி ஆட்சிமொழி ஆயிற்று. அதே ஆண்டில் சாம் ஹுய் என்ற பாடகர் சினிமாவில் தெருப் பேச்சிலேயே பாட, ஊரே கூடப் பாடியது. கான்டனீஸின் பொற்காலம் அங்கிருந்து ஆரம்பம்.

1997-இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியது. பள்ளிகள் பலவற்றில் சீனப் பாடத்தையே மாண்டரினில் நடத்தும் முறை வந்தது. 2010 ஜூலையில் எல்லைக்கு அந்தப்பக்கம் குவாங்ஜோவில், டிவி நிகழ்ச்சிகளை மாண்டரினுக்கு மாற்றும் யோசனையை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2014-இல் ஹாங்காங் கல்வித் துறை தன் இணையதளத்தில் கான்டனீஸ் ஆட்சிமொழி அல்ல என்ற பொருளில் எழுதிவிட்டு, கண்டனம் எழுந்ததும் நீக்கியது. 2013 முதல் கான்டனீஸுக்காக வேலை செய்துவந்த ஓர் அமைப்பு, தான் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு வந்த ஒரு கதையைக் குறித்துத் தேசப் பாதுகாப்புப் போலீசார் விசாரித்ததை அடுத்து, 2023 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. நான் வகுப்பில் சேர்ந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. இதைப் பற்றி வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆசிரியை அன்றைக்கும் காற்றில் கையை வைத்து ஆறு தொனிகளைக் காட்டினார்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி தினமும் கடைகளிலிருந்து அட்டைப் பெட்டிகளைப் பொறுக்கி, தள்ளுவண்டியில் அடுக்கிக் கொண்டுபோய் எடைக்குப் போடுவார். இப்படி வாழும் மூதாட்டிகள் ஹாங்காங்கில் நிறைய பேர். செய்திகளில் ‘அட்டைப் பாட்டிகள்’ என்றே எழுதுவார்கள். ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றில் அவர்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் அவர்கள் எப்போதும் அரசாங்கம், ஓய்வூதியம், வீட்டு வாடகை என்று அழகான வாக்கியங்களில் பேசுவார்கள். நான் இவரை ‘போ போ’, அதாவது பாட்டி, என்று கூப்பிட்டு, வண்டிக்கு ஒரு கை கொடுத்துப் பழகினேன். வாரக்கணக்கில் ‘சாப்பிட்டாச்சா’வைத் தாண்டி எதுவும் இல்லை. பிறகு ஒருநாள் நடைபாதையில் உட்கார்ந்து அவராகவே பேசினார்.

கான்டனீஸ் வாக்கியத்தின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. ‘ஆ’, ‘லோ’, ‘குவா’, ‘மே’ என்று முடிவில் ஓர் அசை. அதைச் சொல்லாகக்கூட எண்ணமாட்டார்கள், ஆனால் சொல்கிறவரின் மனசு முழுக்க அதில்தான். ‘குவா’ போட்டால், போலிருக்கு. ‘மே’ போட்டால், அப்படியா என்ற வியப்பு. ‘வோ’ என்று தாழ்விலிருந்து ஏற்றினால், நான் பார்க்கவில்லை, அப்படிச் சொன்னார்கள், அவ்வளவுதான். இந்த ‘வோ’வைப் புரியவைக்க ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் காட்டினார். என் நோட்டில் நான் எழுதிக்கொண்டது இரண்டே எழுத்து: ‘ஆம்’. வந்தானாம், போனானாம், ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்.

பாட்டிக்கு ஒரே மகன், கனடாவில். “அடுத்த வருஷம் வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போவானாம்” என்றார். கடைசி அசை ‘வோ’. மகன் மேல் புகார் இல்லை, நம்பிக்கையும் இல்லை. அவன் சொன்னதை அவனுடையதாகவே வைத்துவிட்டார், தன் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் இதை எழுதினால், ‘அடுத்த ஆண்டு அழைத்துச் செல்வதாக மகன் கூறுகிறான்’ என்று வரும். அதில் மகன் கூறுவது இருக்கும். அம்மா எத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இருக்காது. ‘போவானாம்’ என்பதில் அது இருக்கிறது. நடைபாதையிலேயே நோட்டை எடுத்து எழுதினேன். இருபது வருடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் சொன்னதை, வேறு யார் வழியாகவும் வராமல், நான் தமிழில் எழுதிய முதல் வாக்கியம் அது.

நம்மிடம் இப்படி வேலை செய்தவர்கள் இல்லாமல் இல்லை. காண்டேகரை மராத்தியிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தார் கா.ஸ்ரீ.ஸ்ரீ. வங்கத்தை வங்கத்திலிருந்தே கொண்டுவந்தார் த.நா. குமாரஸ்வாமி. சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பிலிருந்து, சீனத்திலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்து ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்று தமிழில் தந்திருக்கிறார் பயணி. ஆனால் இவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகத்தின் பெரும்பகுதி இன்னும் நமக்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் வருகிறது. கம்ப்யூட்டர் இப்போது நொடியில் மொழிபெயர்த்துத் தருகிறது, பிறகெதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் எனக்காக ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிற்காது. பாட்டி அதனிடம் மகனைப் பற்றிச் சொல்லவும் மாட்டார்.

விடுப்பு முடிந்து மேஜைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வருடத்தில் யாரும் ஒரு மொழியில் பண்டிதராகிவிட முடியாது. சந்தை, பஸ், லிப்ட், நடைபாதை, இந்த நான்கு இடத்துக் கான்டனீஸ்தான் எனக்கு வந்திருக்கிறது. அவ்வளவையும் வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, பாட்டியின் பேச்சைப் பதிவு செய்த ஆறு மணி நேர ஒலிநாடாவைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் நகர்கிறது. சில சொற்களுக்குக் காக்காவுக்குப் போன் செய்கிறேன், அவர் கடைப் பையன்களைக் கேட்டுச் சொல்கிறார். நேற்று ஒரு வாக்கியத்தின் வால் அசை ‘வோ’வா ‘குவா’வா என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வருவானாம் என்றாரா, வருவான் போலிருக்கு என்றாரா? இரண்டுக்கும் நடுவில் ஒரு தாயின் மனசு இருக்கிறது. இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.